சமையலறை மேற்கூரைக்கு எந்த விளக்கு ஏற்றது?

புது வீட்டின் சமையலறைக்கு ஃபால்ஸ் சீலிங் (தளத்துக்குக் கீழே ஜிப்சம் பலகையால் அமைக்கும் இரண்டாவது கூரை) அமைத்து, அதில் நேர் கீழே ஒளி வீசும் சிறு விளக்குகளான டவுன்லைட்டுகள் ஆறைப் பதித்துவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்வதாகவும், அது போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எத்தனை விளக்கு, என்ன விளக்கு என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். நான் மின்பொறியியல் படித்தவள் அல்லேன். திருவாரூரை அடுத்த ஒரு கிராமத்தில் பழைய ஓட்டு வீட்டிலும், அதை இடித்துக் கட்டிய காங்கிரீட் வீட்டிலும் சமைத்தவள் என்ற தகுதியில் மட்டுமே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வயர்மேன்கள் மூலைக்கு மூலை கயிறு பிடித்து, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, அங்கே விளக்குக்கான பாக்ஸை வைத்துவிடுவார்கள். படுக்கையறைக்கு அது சரியாக இருக்கலாம். பழைய சமையலறைக்கும் சரியாகவே இருந்தது. ஏனெனில் அன்று அரிவாள்மணையை அறை நடுவே போட்டு, தரையில் உட்கார்ந்துதான் காய் நறுக்கினோம். இன்று சமையல் மேடை சுவரோரம் போய்விட்டது, நாமும் சுவரைப் பார்த்து நிற்கிறோம், ஆனால் விளக்கு மட்டும் அறை நடுவிலேயே தங்கிவிட்டது. அதனால் ஒளி நம் முதுகின் மீது விழுந்து, நறுக்கும் பலகையின் மேல் நம் தலையின் நிழலே படிகிறது. நாற்பது வாட் விளக்கை நூறு வாட்டாக மாற்றினாலும் இந்த நிழல் போகாது.

வீடு கட்டும்போது மேற்பார்வை பார்த்தவர் என் கொழுந்தனார். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி முடித்திருந்த சமயத்தில், பாக்ஸை மேடைப் பக்கம் நகர்த்தச் சொன்னேன். “அண்ணி, வரைபடத்தில் நடுவில்தான் இருக்கிறது, ஒரு பக்கமாக வைத்தால் பார்க்கக் கோணலாக இருக்கும்” என்றார். பார்ப்பவர் யார், அங்கே நிற்பவர் யார் என்று கேட்டேன். பிறகு, நாங்கள் தற்காலிகமாகச் சமைத்துவந்த கொட்டகையில் இரவு ஒரு முறம் உளுந்தைக் கொடுத்து, நடுவிளக்குக்கு முதுகைக் காட்டி நின்று கல் பொறுக்கித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பாதி முறத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. ஆயினும் நடுவிலும் ஒரு பாக்ஸ் இருக்கட்டும் என்று வைத்துவிட்டார். அது இன்றுவரை மூடி போட்டபடியே இருக்கிறது. குடும்பத்தாரைக் குறைசொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். சமைக்காதவர்கள் சமையலறையைத் திட்டமிடுவது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று.

மேடையின் அகலம் பொதுவாக இரண்டடி. ஆகவே சுவரிலிருந்து ஏறத்தாழ இரண்டடி தள்ளி, மேடையின் முன்விளிம்புக்கு நேர் மேலே, மேடையின் நீளவாக்கிலேயே நான்கடி எல்இடி டியூப்லைட் ஒன்றை அமைத்தால் ஒளி நம் கைகளின் மீது விழும். மேடைக்கு மேலே பரண் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். ஏழடி உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பரண் மேற்கூரை வெளிச்சத்தைப் பாதியிலேயே மறித்துவிடுமாதலால், பரணின் அடிப்பக்கத்தில் மெல்லிய விளக்கு ஒன்று தனியே தேவை. அதற்கான வயர் செல்லும் குழாயைப் பூச்சு வேலைக்கு முன்பே சுவரில் பதித்துவிட வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, வாட் கணக்கை விட்டுவிட்டுப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமன் கணக்கை, அதாவது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். காய் நறுக்குமிடத்தில் 300 லக்ஸ் இருப்பது நல்லது. 10 அடிக்கு 8 அடி அறை என்பது ஏறத்தாழ 7.4 சதுர மீட்டர். ஒவ்வொன்றும் சுமார் 2000 லூமன் தரும் 20 வாட் எல்இடி டியூப் இரண்டைப் போட்டால், சுவரிலும் கூரையிலும் பாதி வீணானாலும் அறை முழுவதும் சராசரியாக 270 லக்ஸ் கிடைக்கும். விளக்குக்கு நேர் கீழே இருக்கும் மேடையில் அதைவிடக் கூடும். கருப்பு கிரானைட் ஒளியை விழுங்கிவிடும் என்பதையும், அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குச் சேரும் ஒளி இருபது வயதில் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வீட்டில் மாமியார் சமைப்பதாக இருந்தால் இது முக்கியம்.

இனி நிறம். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணால் குறிப்பார்கள்; எண் குறைந்தால் மஞ்சள் சாயல், கூடினால் நீலம் கலந்த வெண்மை. கடைக்காரர்கள் பளிச்சென்று இருக்கும் 6500 கெல்வின் வெண்மையைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். டெல்டாவில் சம்பா வயலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் அதை வாங்குமுன் ஐப்பசி, கார்த்திகை மாத இரவுகளை நினைத்துக்கொள்ள வேண்டும். வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி படையெடுத்து வரும். மழை விட்ட மாலைகளில் ஈசலும் சேர்ந்துகொள்ளும். பூச்சிகள் நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் நெருங்கிய ஒளியை நாடுபவை. வேளாண் துறையினர் வயலில் விளக்குப் பொறி வைக்கச் சொல்வது ஒளியை நாடும் இந்த இயல்பை நம்பித்தான். நீலம் மிகுந்த வெண்ணிற விளக்கைச் சமையலறையில் எரியவிட்டு ஜன்னலையும் திறந்து வைத்தால், நாமே ஒரு பொறியை ரசப் பாத்திரத்துக்கு மேல் கட்டியதாக ஆகிவிடும். நான் மேற்கூரைக்கு 4000 கெல்வினும், பரணுக்கு அடியில் 3000 கெல்வினும் போட்டிருக்கிறேன். பூச்சி மிகுந்த இரவுகளில் கூரை விளக்கை அணைத்துவிட்டு, கொல்லையின் கோடியில் வெள்ளை விளக்கு ஒன்றை எரியவிடுவேன். பெரும்பகுதி பூச்சிகள் அந்தப் பக்கம் போய்விடும். ஜன்னலுக்கு வலை அடித்தால் போதாதா என்று கேட்பீர்கள். அடித்திருக்கிறேன், கதவைத் திறக்காமல் எப்படி இருப்பது?

நிறத்தோடு சேர்த்து, பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதை நூறுக்குக் கணக்கிட்டுச் சொல்லும் சிஆர்ஐ என்ற எண்ணையும் பாருங்கள். 80 என்பது சாதாரணம். 90 கிடைத்தால் விலை சற்றுக் கூடினாலும் வாங்கலாம். மலிவான எல்இடிகளில் சிவப்பு மங்கித் தெரியும். நாகப்பட்டினத்திலிருந்து வரும் மீனை மாலையில் வாங்கி, செவுள் சிவப்பாக இருக்கிறதா பழுப்பாகிவிட்டதா என்று பார்ப்பவர்களுக்கு அது வீண் குழப்பம்.

டவுன்லைட்டு அழகில்லை என்று நான் சொல்லவில்லை, கூடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சமையலறையில் ஜிப்சம் பலகைக்கு மேலே உண்டாகும் வெற்றிடம் பல்லிக்கும் எலிக்கும் இடமாகும். அடைமழையில் தளம் கசிந்தால், பலகை ஊறிக் கறைபட்ட பின்புதான் நமக்குத் தெரியவரும். தாளிக்கும் எண்ணெய்ப் புகை விளிம்பு இடுக்குகளில் படியும். எந்த விளக்கானாலும் பூச்சி உள்ளே புக முடியாதபடி மூடியது, ஈரத்துணியால் துடைக்கக்கூடியது, பழுதானால் உள்ளூர்க் கடையிலேயே அதே அளவில் மாற்று கிடைப்பது என்ற மூன்றும் பொருந்தினால் வாங்குங்கள். அறையில் மின்விசிறி உண்டென்றால், அதன் இறக்கைக்கு மேலே விளக்கு வரக் கூடாது. நிழல் வெட்டி வெட்டி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு கத்தி பிடிக்க முடியாது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, எங்கள் மாவட்டங்களின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதன்பின் எங்கள் தெருவில் பலர் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். இணைப்பு கொடுக்க வருபவர் கூடத்து விசிறியையும் தொலைக்காட்சியையும்தான் கேட்டு எழுதிக்கொள்வார். மேடைக்கு மேலே இருக்கும் அந்த 20 வாட் விளக்கையும் அந்த வரிசையில் சேர்க்கச் சொல்லி, அதற்கான தனி வயரைச் சுவர் பூசும் முன்பே இழுத்துவிடச் சொல்லுங்கள்.