பன்னுக்கு ஒரு வீடு

அன்புள்ள அக்கா,

கோத்தகிரியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். போன ஆடி மழையில் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் காலில் புண்ணோடு கிடந்த ஒரு நாயை எடுத்து வந்தேன். பெயர் பன்னு. இரண்டு வயது இருக்கும். கருத்தடை, ரேபிஸ் ஊசி எல்லாம் ஆயிற்று. யாரைப் பார்த்தாலும் வாலாட்டுவான். ஒரே குறை, வீட்டில் நிற்க மாட்டான். மதில் ஏறுவான், தாழ்ப்பாளை மூக்கால் தள்ளித் திறப்பான். தேடிப் போனால் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பான். ஜூனில் எனக்குத் திருப்பூருக்கு மாற்றல். அங்கே நாய் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு எஸ்டேட் வாட்ச்மேன் கேட்கிறார். ஓடுவதைச் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள் என்கிறாள் தோழி. சொல்லவா, வேண்டாமா?

ச.

அன்புள்ள ச.,

சொல்லுங்கள். எடுத்த எடுப்பிலேயே சொல்லுங்கள்.

சில வருடங்களுக்கு முன் நான் சொல்லாமல் விட்டேன். 'சாதுவான நாய், குழந்தைகளோடு நன்றாகப் பழகும்' என்று மட்டும் சொல்லி, அரவேணு பக்கம் ஒரு வீட்டில் கொடுத்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. அன்றைக்கே அவிழ்த்துவிட்டார்கள், சாயங்காலம் நாயைக் காணோம். நாலாம் நாள் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில், காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் கிடைத்தது. உயிர் தப்பியது, முன்னங்கால் போயிற்று. அந்த வீட்டுக்காரர் என்னைத் திட்டக்கூட இல்லை. "ஓடும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டப் பூட்டியிருப்பமேம்மா" என்றார்.

வாட்ச்மேன் விஷயம். அவர் கேட்பது காவலுக்கு. பன்னு திருடனுக்கும் வாலாட்டுவான். அதைவிட, ராத்திரி எங்கே படுக்கும் என்று கேளுங்கள். வெளியே சங்கிலியில் என்றால் கொடுக்காதீர்கள். கட்டிப்போட்டால் ஓடாது, சரி. சிறுத்தை வந்தாலும் ஓட முடியாதே? 2023 நவம்பரில் குன்னூர் புரூக்லேண்ட்ஸில் நாயைத் துரத்திக்கொண்டு சிறுத்தை வீட்டுக்குள்ளேயே புகுந்ததும், பலர் காயப்பட்டதும் உங்களுக்கே தெரியும். வீட்டுக்குள் படுக்க வைப்பேன் என்று அவர் சொன்னால் அப்புறம் யோசிக்கலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது பஸ் ஸ்டாண்டுதான். பன்னு காட்டுப் பக்கம் போகவில்லை, முயல் துரத்தவில்லை. ஆள் இருக்கிற இடம் தேடிப் போகிறான். நீங்கள் வேலைக்குப் போனதும் கிளம்பியிருப்பான், இல்லையா? அப்படியானால் அவனுக்கு வேண்டியது பெரிய தோட்டமோ உயர்ந்த மதிலோ இல்லை. பகலெல்லாம் ஆள் இருக்கிற வீடு. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருப்பவர்கள், ரிட்டையர் ஆனவர்கள், ஏற்கெனவே ஒரு நாய் வைத்திருப்பவர்கள் என்று விசாரியுங்கள்.

ஒரே நாளில் கொண்டுபோய் விட்டுவிட்டு வராதீர்கள். அவர்களையே இரண்டு மூன்று முறை வந்து நடத்திப் போகச் சொல்லுங்கள். புது வீட்டில் முதல் சில வாரங்கள்தான் ஆபத்து. நாய்க்கு அது இன்னும் தன் வீடு ஆகியிருக்காது. அதுவரை முற்றத்திலும் கயிறு வேண்டும். சாதாரணக் கழுத்துப்பட்டையைப் பின்னால் இழுத்தே உருவிக்கொண்டு போய்விடும், அதனால் மார்புப் பட்டையும் சேர்த்துப் போடுங்கள். கேட்டுக்குக் கொக்கித் தாழ்ப்பாள் போதாது, பூட்டு. துவைக்காத உங்கள் பழைய போர்வை ஒன்றும் கூடப் போகட்டும். தப்பிவிட்டால் அதைக் கேட்டருகே போட்டு வைக்கலாம். துரத்தினால் விளையாட்டு என்று நினைத்து இன்னும் ஓடும். உட்கார்ந்து கூப்பிடச் சொல்லுங்கள்.

நாய் யாருடையது என்று கண்டுபிடிக்க, தோலுக்கடியில் அரிசி அளவில் 15 இலக்க எண்ணோடு சிப் வைக்கலாம். நல்லதுதான், ஆனால் படிக்க ஸ்கேனர் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவரிடம் ஸ்கேனர் ஏது? பட்டையில் போன் நம்பர் பொறித்த தகடு மாட்டுங்கள்.

சரிவராவிட்டால் வேறு யாருக்கும் தள்ளிவிடாமல் என்னைக் கூப்பிடச் சொல்லி, தகட்டின் பின்பக்கம் என் நம்பரையும் பொறித்துவிடுங்கள். தனியாக மெயிலில் அனுப்புகிறேன். அந்த மூன்று கால் நாய் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கேட் திறந்தால் இன்றைக்கும் ஓடும்.