ஐந்தே பகுதிகளில் முடிந்த கார்ட்டூன், அதைத் தாண்டி வாழ்ந்த பொம்மைகள்

கேள்வி: எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் நிஜப் பிரபலங்களை நாயகர்களாக வைத்து அமெரிக்காவில் ஆக்‌ஷன் கார்ட்டூன்கள் வந்தன. கூடவே பொம்மைகளும் வந்தன. பெரும்பாலானவை சீக்கிரம் நின்றுவிட்டன. அவற்றில் உங்களுக்குப் பிடித்தது எது? அவை ஏன் நிலைக்கவில்லை?

எனக்குப் பிடித்தது அமெரிக்கச் சண்டைப்பட நடிகர் சக் நோரிஸின் ‘கராத்தே கமாண்டோஸ்’. 1986 செப்டம்பரில் வந்தது. மொத்தம் ஐந்தே பகுதி. நடிகர் மிஸ்டர் டி, சினிமாப் போர்வீரன் ராம்போ, மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் எல்லாரையும் கார்ட்டூனில் பார்த்தவன்தான் நான். ஆனாலும் மனது போய் நிற்பது இங்கேதான்.

1985இல் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்போது எனக்கு எட்டு வயது. கேபிளில் எல்லைக்கு அந்தப் பக்கத்து அமெரிக்கச் சானல்களும் தெரியும். ஆங்கிலம் இன்னும் பிடிபடாத பிள்ளைக்கு அடிதடிக் கார்ட்டூன் பெரிய உதவி. யார் நல்லவன், யார் கெட்டவன் என்று உடுப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். சக் நோரிஸ் எங்கள் வீட்டுக்குப் புதிய ஆளும் இல்லை. அண்ணா ஊரிலேயே வாடகை வீடியோவில் புரூஸ் லீ படங்களைப் பார்த்துக் கரைத்துக் குடித்தவர். 1972இல் வந்த ‘வே ஆஃப் த டிராகன்’ படத்தில், ரோமாபுரிக் கொலோசியத்தில் நடக்கும் கடைசிச் சண்டையில் புரூஸ் லீயிடம் தோற்பவர் இந்த நோரிஸ்தான். கார்ட்டூன் தொடங்கியவுடனேயே அண்ணா, “உந்தாள் புரூஸ் லீயிட்டை அடி வாங்கினவனல்லோ” என்பார். “அது படம் அண்ணா, ஆள் உண்மையிலேயே சாம்பியன்” என்று நான் மல்லுக்கு நிற்பேன். நான் சொன்னதிலும் உண்மை இருந்தது. அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து கொரியாவுக்குப் போன இடத்தில் டாங் சூ டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையைக் கற்றவர் அவர். நடிக்க வருவதற்கு முன், அறுபதுகளின் கடைசியில், கராத்தேப் போட்டிகளில் பட்டங்கள் வென்றவர்.

1984இல் ‘மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்’, 1986இல் ‘டெல்டா ஃபோர்ஸ்’ என்று அவருடைய படங்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டும் பெரியவர்களுக்கான படங்கள். எங்கள் வயதுப் பிள்ளைகள் அவரைப் பார்க்க இருந்த ஒரே வழி கார்ட்டூன்.

கதை எளிமையானது. ‘கிளா’ என்ற வில்லன், ‘வல்ச்சர்’ என்ற அவனது அமைப்பு, அவனுக்கு வலது கையாக ‘சூப்பர் நிஞ்சா’. எதிரே நோரிஸின் அணி: சாமுராய் கிமோ, சூமோ வீரன் டாபே, நோரிஸின் சீடன் ரீட், எந்த இயந்திரத்தையும் கையாளும் பெப்பர், ‘டூ மச்’ என்று பட்டப்பெயர் வைத்த ஒரு சிறுவன். இதில் புதுமை ஒன்றும் கிடையாது. தயாரித்தது ரூபி-ஸ்பியர்ஸ். ஸ்கூபி டூவை உருவாக்கிய ஜோ ரூபியும் கென் ஸ்பியர்ஸும் 1977இல் தொடங்கிய நிறுவனம். ஒரு நட்சத்திரம், அவரைச் சுற்றி ஆளுக்கொரு திறமையோடு சில பேர், அவரைப் போலவே ஆக ஆசைப்படும் ஒரு பொடியன் என்ற அச்சை அவர்கள் மிஸ்டர் டி கார்ட்டூனிலேயே வார்த்து வைத்திருந்தார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் உண்மையான சக் நோரிஸ் திரையில் வருவார். கார்ட்டூனாக வரமாட்டார். தாடியும் சதையுமாக, நம்மை நேரே பார்த்து, இன்றைய கதை எதைப் பற்றியது, அதில் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று சொல்வார். ஹீ-மேன் கார்ட்டூனின் முடிவிலும் அறிவுரை உண்டு. ஆனால் அதைச் சொல்பவர் வரைந்த மனிதர். இங்கே சொல்பவர் உலகத்தில் எங்கோ சாப்பிட்டு, தூங்கி, கராத்தே பழகிக்கொண்டிருக்கும் ஒருவர். எட்டு, ஒன்பது வயதில் அந்த வித்தியாசம் சாதாரணமானதில்லை. கதை பொய்யாக இருக்கலாம், ஆள் பொய்யில்லை என்ற நிச்சயத்தோடு பார்த்தேன். அந்த உணர்வை வேறெந்தக் கார்ட்டூனும் எனக்குத் தரவில்லை.

பொம்மைகளைச் செய்தது சின்சினாட்டியைச் சேர்ந்த கென்னர். ஸ்டார் வார்ஸ் பொம்மைகளால் பெயர் வாங்கிய அதே கென்னர். ஸ்டார் வார்ஸின் முதல் வரிசை ஓய்ந்துபோய், அடுத்தது எது என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்த காலம். கராத்தே கமாண்டோஸ் பொம்மைகள் ஆறு அங்குல உயரம். ஸ்டார் வார்ஸ் பொம்மைகளைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். கைக்குக் கனமாக இருக்கும். உள்ளே ஒரு பொறி இருக்கும். அதை இயக்கினால் வெட்டோ உதையோ பாயும். நோரிஸ் மட்டும் மூன்று விதம்: வெள்ளைப் பயிற்சி உடையில் ஒருவர், போர் உடையில் ஒருவர், மறைவேடத்தில் ஒருவர். அவரோடு கிமோ, ரீட், டாபே. எதிரணிக்கு சூப்பர் நிஞ்சாவும் வேறு நிஞ்சாக்களும். ஒரு ‘கராத்தே கொர்வெட்’ காரும் உண்டு. பெப்பருக்குப் பொம்மை வரவில்லை. எங்கள் வீட்டில் தங்கச்சி தன்னிடமிருந்த வேறொரு பொம்மைக்குப் பெப்பர் என்று பெயர் வைத்து அணியில் சேர்த்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் கதைகளில் அணித்தலைவி பெப்பர்தான்.

போர் உடை நோரிஸ் என் பிறந்தநாளுக்குச் சித்தப்பா வாங்கித் தந்தது. மற்றவை வந்த விதத்தைச் சொல்ல வேண்டும், இந்தக் கேள்விக்கு அது முக்கியம். ஓடாத கார்ட்டூனின் பொம்மை கடையில் தேங்கும். தேங்கினால் விலை பாதியாகும், பிறகு அதிலும் பாதியாகும், கடைசியில் வாசலருகே ஒரு கூடையில் குவியும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ பொம்மைகளை எங்கள் வீட்டில் கேட்கவே முடியாது, விலை அப்படி. கூடைக்குள் கிடந்த டாபேயையும் நிஞ்சாக்களையும் அம்மா யோசிக்காமல் எடுத்துத் தந்தார். புதிதாக வந்த பல தமிழ்க் குடும்பங்களில் அன்று இதுதான் நடந்தது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வைத்திருந்தது வேறு, எங்கள் மாடிக் குடியிருப்பில் நாங்கள் மாற்றி மாற்றி விளையாடியது வேறு. சந்தையில் தோற்ற நாயகர்கள்தான் எங்களுடைய நாயகர்கள். அந்தப் பொம்மைகள் மேல் எனக்கு இருக்கும் பாசத்தில் பாதி இதிலிருந்து வந்தது.

இனி, ஏன் ஐந்தோடு நின்றது? பலர் இதை “ஐந்து பகுதியில் தூக்கிவிட்டார்கள்” என்று எழுதுகிறார்கள். ஐந்து என்ற எண்ணைக் கவனியுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு வாரம். தினமும் ஒளிபரப்பும் கார்ட்டூனுக்கு அன்றைய கணக்கு 65 பகுதிகள், அதாவது வாரத்துக்கு ஐந்து என்று பதின்மூன்று வாரம். ஹீ-மேன் 1983இல் அப்படித்தான் வந்தது. 65க்குப் பணம் போடுவதற்கு முன் ஒரு வாரத் தொடரைக் காட்டி ஆழம் பார்ப்பது அன்று வழக்கம். பொம்மைப் படைவீரர்களின் கார்ட்டூனான ஜி.ஐ. ஜோ அப்படித் தொடங்கியது. இதே ரூபி-ஸ்பியர்ஸ் 1986இல் கோலெக்கோ என்ற நிறுவனத்தின் பொம்மைகளோடு ராம்போவை முதலில் ஐந்து பகுதியாகக் காட்டி, பிறகு 65 வரை கொண்டுபோனது. இதே கென்னருக்காக அதே ஆண்டு ‘செஞ்சூரியன்ஸ்’ செய்தது. அதுவும் ஐந்தில் தொடங்கி 65ஐத் தொட்டது. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, மூன்று ஆழம் பார்த்தல். நோரிஸுக்கு மட்டும் அடுத்த படி கிடைக்கவில்லை. மாலை நேரத்தில் இடம் கொஞ்சம், வரிசையில் நின்ற கார்ட்டூன்களோ ஏராளம்.

ஆனால் பொம்மைக்கு அப்படி ஆழம் பார்க்க முடியாது. பிளாஸ்டிக் வார்க்கும் எஃகு அச்சுகளை மிக முன்கூட்டியே வெட்டியாக வேண்டும். கார்ட்டூன் தொடருமா என்று தெரியும் முன்பே பொம்மைகள் பெட்டியில் ஏறிவிடும். காமிக்ஸும் அப்படித்தான்: மார்வலின் சிறுவர் பிரிவான ஸ்டார் காமிக்ஸ் 1987இல் கராத்தே கமாண்டோஸை நான்கு இதழ்கள் வெளியிட்டது. முதல் மூன்றை வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ, ஸ்பைடர்மேனை ஸ்டான் லீயோடு சேர்ந்து உருவாக்கிய அதே டிட்கோ. திரையில் கதை முடிந்த பிறகும் கடையில் கதை தொடர்ந்தது இப்படித்தான்.

இத்தனையும் ஒரே நேரத்தில் பொங்கி வந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். சிறுவர் நிகழ்ச்சிகளில் விளம்பரத்துக்கு இருந்த வரம்புகளை அமெரிக்காவின் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 1984இல் எடுத்துவிட்டது. பெகி சாரன் என்ற பெண்மணி நிறுவிய அமைப்பு சிறுவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்துக்கு எதிராக அதற்கு முன்பும் பின்பும் விடாமல் போராடியது. பிறகு 1990இல் வந்த சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம், மணிக்கு வார இறுதியில் பத்தரை நிமிடம், மற்ற நாட்களில் பன்னிரண்டு நிமிடம் என்று விளம்பரத்துக்கு எல்லை கட்டியது. இப்போது பெற்றோராக யோசிக்கும்போது சாரன் பக்கம்தான் நிற்கிறேன். அரைமணி நேரக் கதையே பொம்மைக்கு விளம்பரமாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. அந்தக் கதையை நான் நேசித்ததும் அதே அளவுக்கு உண்மை.

மிஸ்டர் டி இந்தக் கூட்டத்தில் அதிகம் தாக்குப்பிடித்தவர். 1983இல் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி மூன்று பருவம், 30 பகுதி. பேருந்தில் ஊர் ஊராகப் போகும் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கு அவர் பயிற்சியாளர். போகிற இடமெல்லாம் ஒரு மர்மம். அவருடைய தலைமுடியைப் போலவே வெட்டிய முடியோடு ஒரு புல்டாக் நாயும், அவரைப் போலவே உடுத்தும் ஸ்பைக் என்ற பொடியனும் கூட வருவார்கள். அவரும் நோரிஸைப் போல நேரில் வந்து பேசுவார், குரலும் அவருடையதே. ஹல்க் ஹோகனுக்கு 1985இல் சிபிஎஸ்ஸில் கார்ட்டூன் வந்தபோது குரல் கொடுத்தவர் பிராட் காரெட். எங்கள் அண்ணாவுக்கு ஹோகன்தான் உயிர். எல்ஜேஎன் நிறுவனம் செய்த, அடித்தால் வலிக்கும் கனத்த ரப்பர் மல்யுத்தப் பொம்மை அவரிடம் இருந்தது. 1991இல் பாடகர் எம்.சி. ஹாம்மருக்கு ‘ஹாம்மர்மேன்’ வந்து பதின்மூன்று பகுதியில் முடிந்தது. அதை நான் விரும்பிப் பார்க்கவில்லை.

அதே 1991இல் வந்த ‘புரோஸ்டார்ஸ்’ பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான், பனி ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி, அமெரிக்கக் கால்பந்தும் பேஸ்பாலும் ஆடிய போ ஜாக்சன் மூவரும் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றும் கதை. கனடாவில் வளரும் பிள்ளைக்குக் கிரெட்ஸ்கி என்றால் சாமி மாதிரி; அதற்காகவே பார்த்தோம். கார்ட்டூனில் போ ஜாக்சன் எதையும் தூக்குவார், எதையும் உடைப்பார். ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் அவருடைய இடுப்பு மூட்டு உடைந்துவிட்டது. அந்த விளையாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. கார்ட்டூன் ஒளிபரப்பானது அதற்குப் பல மாதங்கள் கழித்து. சனிக்கிழமை காலையில் அவர் பறந்து பறந்து அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் அடிபட்ட இடுப்போடு போராடிக்கொண்டிருந்தார். பதின்மூன்று பகுதியோடு அதுவும் நின்றது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. ஹீ-மேனுக்கு இடுப்பு உடையாது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நாயகன் ஆப்டிமஸ் பிரைமுக்கு வயது ஏறாது, சந்தை விழாது, ஒப்பந்தம் முடியாது. உரிமை வைத்திருக்கும் நிறுவனம் எப்போது நினைத்தாலும் அவர்களைத் திரும்ப வரைந்து விற்கலாம், விற்றுக்கொண்டேதான் இருக்கிறார்கள். உயிருள்ள ஒருவரின் முகத்தை வைத்துச் செய்த கார்ட்டூனுக்கு அந்த வசதி இல்லை. அவருடைய புகழ் உச்சியில் நிற்கிற இரண்டு மூன்று வருடத்துக்குள் எழுதி, வரைந்து, வார்த்து, விற்று முடிக்க வேண்டும். அதற்குள் 65 பகுதி வளர்ப்பது கடினம். ராம்போவால் முடிந்தது என்றால், ராம்போ ஒரு பாத்திரம். படத்தில் ராம்போவாக நடித்த ஸ்டலோனின் குரல்கூட அதில் தேவைப்படவில்லை.

அதே காரணத்தால் இவற்றை யாரும் மறுபடி எடுக்கவும் இல்லை. என் பிள்ளைகள் பார்க்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நான் பார்த்தது கிடையாது, பெயர்தான் அதே. கராத்தே கமாண்டோஸை மட்டும் நான் பார்த்தபடியே அவர்களுக்குக் காட்ட முடிந்தது. மகனுக்குச் சண்டைகள் மெதுவாக இருப்பதாகத் தோன்றியது. முடிவில் நோரிஸ் நேரில் வந்து பேசியபோது மட்டும், “இவர் நிஜ ஆளா அப்பா?” என்று கேட்டு எழுந்து உட்கார்ந்தான்.

பொம்மைகளை இப்போது தேடி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் பொறி வேலை செய்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். படத்தில் அது தெரியாது. ஆயுதங்கள்தான் முதலில் தொலைபவை, ஆகவே நிஞ்சாக்கள் முழுதாகக் கிடைப்பது அரிது. தனிப் பொம்மையாக வாங்கினால் விலை தாங்கக்கூடியது, திறக்காத அட்டையோடு கேட்டால் ஏறிவிடும். விளையாடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் டாபேயை எடுங்கள். உருவம் பெரிது, சீக்கிரம் உடையாது.