வான்கோழி: மேய்ந்ததா, அடைத்ததா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 'ஆர்கானிக்', 'ஃப்ரீ ரேஞ்ச்' இரண்டும் ஒன்றுதானே? எதைப் பார்த்து வாங்குவது?

இரண்டும் வேறு வேறு. ஆர்கானிக் சான்று முதலில் தீவனத்தையும் மருந்தையும் பார்க்கிறது. ஃப்ரீ ரேஞ்ச் என்ற சொல், பறவைக்கு வெளியே போக வழி இருந்ததா என்று மட்டும் பார்க்கிறது. அந்த வழியின் அளவு நாட்டுக்கு நாடு மாறும்.

அமெரிக்காவில் ஆர்கானிக் முத்திரை வேண்டுமானால், குஞ்சு பொரித்த இரண்டாம் நாளிலிருந்தே ஆர்கானிக் முறையில் வளர்ந்திருக்க வேண்டும். தீவனம் முழுவதும் சான்று பெற்றதாக இருக்க வேண்டும், ஆன்டிபயாட்டிக் கூடாது. ஆனால் அங்கே வெறும் 'ஃப்ரீ ரேஞ்ச்' என்று எழுத, பறவை வெளியே போக அனுமதி இருந்தது என்று காட்டினால் போதும். எத்தனை சதுர மீட்டர் என்ற கேள்வியே இல்லை. ஆயிரக்கணக்கில் அடைத்த நீளக் கொட்டகையின் ஒரு கோடியில் சின்னக் கதவு வைத்தாலும் அது ஃப்ரீ ரேஞ்ச்தான். தீவனமும் தண்ணீரும் உள்ளேயே இருக்க, சிறு வயதில் வெளியையே பார்த்திராத வான்கோழி, கதவு திறந்திருந்தாலும் வெளியே வராது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கணக்கு இருக்கிறது. ஃப்ரீ ரேஞ்ச் என்றால் வாழ்நாளில் பாதிக் காலமாவது பகலில் வெளியே போக வழி இருக்க வேண்டும், ஒரு வான்கோழிக்கு 4 சதுர மீட்டர் நிலம் வேண்டும், அதில் பெரும்பகுதி பசுமை மூடியிருக்க வேண்டும். ஆர்கானிக் என்றால் 10 சதுர மீட்டர். ஒரு கொட்டகையில் 2,500 வான்கோழிக்கு மேல் கூடாது. மெதுவாக வளரும் இனமாக இல்லாவிட்டால் ஆண் 140 நாள், பெட்டை 100 நாள் ஆகும்முன் அறுக்கக் கூடாது.

ஆக, லேபிளைவிட மூன்று கேள்விகள் பயன்படும். என்ன இனம்? எத்தனை வாரத்தில் அறுத்தது? எந்த வயதில் வெளியே விட்டார்கள்? விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால், கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

கேள்வி: 'கூண்டில் அடைக்காதது', 'ஹார்மோன் இல்லாதது', 'சைவத் தீவனம்' என்றெல்லாம் அச்சடித்திருக்கிறார்களே?

கறிக்கு வளர்க்கும் வான்கோழியைத் தொழிற்பண்ணையில்கூட யாரும் கூண்டில் வைப்பதில்லை, தரையில்தான். அதனால் முதல் வாசகம் எதையும் சொல்லவில்லை. ஹார்மோன், அமெரிக்காவில் வான்கோழி உட்பட எந்தக் கோழியினத்துக்கும் தரக் கூடாது என்பது சட்டம். இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்லி விற்கிறார்கள். சைவத் தீவனம்தான் வேடிக்கை. வெட்டுக்கிளி, வண்டு, புழு என்று பொறுக்கித் தின்னும் பிறவி வான்கோழி. உண்மையாகவே மேய்ச்சலில் வளர்ந்த பறவையைச் சைவம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது!

கேள்வி: தொழிற்பண்ணை வான்கோழியில் அப்படி என்ன குறை? பறவை பெரிதாகத்தானே இருக்கிறது?

பெரிதாக இருப்பதுதான் குறையின் வேர். பெரிய பண்ணைகளில் வளர்வது அநேகமாக ஒரே வகை: அகன்ற மார்புள்ள வெள்ளை இனம். ஆண் 20 வாரத்தில் 18 கிலோவைத் தாண்டும். மார்புச் சதை இவ்வளவு பெருத்ததால் ஆணால் பெட்டையோடு இயல்பாக இணைய முடியாது. இந்த இனத்தின் குஞ்சுகள் எல்லாமே செயற்கைக் கருவூட்டலில் பிறப்பவை. எலும்பும் இதயமும் சதையின் வேகத்துக்கு ஈடு கொடுக்காததால் கால் வளைவதும், வளர்ந்த ஆண் பறவை பெருநாடி வெடித்துத் திடீரென விழுந்து சாவதும் நடக்கும்.

நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தும் என்பதால் அலகு நுனியை வெட்டுகிறார்கள், வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள். கூளம் ஈரமானால் அமோனியா கிளம்பும். கண்ணும் பாதமும் புண்ணாகும். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முழுதாக நிறுத்தியது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை வளர்ச்சிக்காகத் தருவது அமெரிக்காவில் 2017இல் நின்றது. நோய்க்கென்று கால்நடை மருத்துவர் எழுதித் தருவது தொடர்கிறது.

அடைத்து வளர்ப்பதில் உள்ள லாபத்தையும் மறைக்கக் கூடாது. காட்டுப் பறவையும் மண்புழுவும் உள்ளே வராது. வான்கோழிக்கு அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது கரும்தலை நோய் பற்றிய பதிலில் புரியும்.

இன்னொன்று: இதே வெள்ளை இனத்தை ஆர்கானிக் விதிப்படி வளர்த்தாலும் ஆர்கானிக் முத்திரை கிடைக்கும். முத்திரையால் கால் வலுத்துவிடாது.

கேள்வி: ருசியில் வித்தியாசம் உண்டா, வெறும் மனப்பிரமையா?

உண்டு. ஆனால் அது ஆர்கானிக்கால் வருவதில்லை. வயதாலும் நடையாலும் வருவது. பிரோன்ஸ் (Bronze), நாரகன்செட், போர்பன் ரெட் போன்ற பழைய இனங்கள் கறிப் பருவத்துக்கு வர 26 முதல் 28 வாரம் ஆகும். அதற்குள் தோலுக்கடியில் கொழுப்புப் படியும், ஓடிய காலின் சதை அடர்நிறமாகும், மணம் கூடும். அவசரமாக வளர்த்து அறுத்த பறவை, எந்த லேபிள் ஒட்டினாலும் சப்பென்றுதான் இருக்கும்.

கேள்வி: 15 வான்கோழிக் குஞ்சுகள் வாங்கினேன். தீவனமும் தண்ணீரும் முன்னாலேயே இருந்தும் நாலாம், ஐந்தாம் நாளில் ஒவ்வொன்றாகச் செத்தன. என்ன நோய்?

நோயாக இல்லாமலும் இருக்கலாம். பட்டினிச் சாவின் அடையாளம் இது. குஞ்சு வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். அதற்குள் தின்னப் பழகாத குஞ்சு, அது தீர்ந்ததும் சாகும். கோழிக்குஞ்சு தானாகக் கொத்தக் கற்கும். தாயில்லாத வான்கோழிக் குஞ்சுக்கு ஆள் கற்றுத் தர வேண்டும்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஒவ்வொன்றின் அலகையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பிறகு தீவனத்தில் தொட்டு விடுங்கள். முதல் மூன்று நாள் தீவனத்தைத் தட்டையான தட்டிலும் அட்டையிலும் பரப்புங்கள். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல், உள்ளே பளபளக்கும் கோலிக்குண்டுகள் போட்டு இருக்கட்டும். பளபளப்பைக் கொத்தப் போய்த் தண்ணீரைக் கண்டுகொள்ளும், மூழ்கவும் செய்யாது. இந்த நாட்களில் வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும். இரண்டு கோழிக்குஞ்சை விட்டுக் கற்றுக்கொடுக்கச் சொல்லும் யோசனை பல இடங்களில் சொல்லப்படுகிறது. வேண்டாம், காரணம் அடுத்த பதிலில்.

சூடு, குஞ்சின் முதுகு மட்டத்தில் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்து, இறகு முழுதாக முளைக்கும் ஆறாம் வாரம் வரை கொண்டுபோங்கள். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சே நல்ல சாட்சி: விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு. மூலைகளில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். அட்டையை வளைத்து வட்டமாக அடைப்புப் போடுங்கள். கீழே மர இழைப்புச் சுருள் 8 செ.மீ. கனத்துக்கு வேண்டும். செய்தித்தாள் வழுக்கும், கால் இரண்டும் அகன்று விரிந்துவிடும். மரத்தூளைத் தீவனமென்று தின்று இரைப்பை அடைத்துக்கொள்ளும்.

தீவனத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் நாலு வாரம் 28 சதவீதப் புரதம், அடுத்த நாலு வாரம் 26, பிறகு 12 வாரம் வரை 22. அதன்பின் படிப்படியாக 16 வரை இறக்கலாம். கறிக்கோழித் தீவனத்தில் இவ்வளவு புரதம் இல்லை. நியாசினும் போதாது: கோழிக்குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் 35 மில்லிகிராம் போதும், வான்கோழிக் குஞ்சுக்கு 60 வேண்டும். குறைந்தால் கால் மூட்டு வீங்கி, கால் வளையும். இதைவிட ஆபத்து, ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கோழித் தீவனத்தில் சேர்க்கும் சாலினோமைசின், நாராசின் என்ற மருந்துகள். கோழிக்குச் சரி, வான்கோழிக்கு விஷம். கால் செயலிழந்து, மார்பால் தரையில் கிடந்து சாகும். மூட்டையில் ஒட்டிய சீட்டைப் படிக்காமல் கொட்டாதீர்கள்.

கேள்வி: ஏற்கெனவே கோழி மேயும் தோட்டம் இருக்கிறது. வான்கோழியையும் அதிலேயே விடலாமா?

விடாதீர்கள். மேய்ச்சல் வான்கோழி வளர்ப்பின் பெரிய கண்டம் கரும்தலை நோய். ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி இதற்குக் காரணம். அது எச்சத்தில் வெறுமனே கிடந்தால் சில மணி நேரத்தில் செத்துவிடும். ஆனால் கோழியின் பெருங்குடல் பைகளில் வாழும் குடற்புழுவின் முட்டைக்குள் புகுந்துகொண்டால் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த முட்டையை மண்புழு தின்னும், மண்புழுவை வான்கோழி தின்னும். கோழி பெரும்பாலும் நோயே காட்டாமல் சுமந்துகொண்டு திரியும். வான்கோழியிலோ கூட்டமே அழியலாம்.

கந்தக மஞ்சள் நிற எச்சம், தொங்கிய இறக்கை, சுருங்கிய கழுத்து, தீவனத்தில் ஆர்வமின்மை ஆகியவை அறிகுறிகள். தலை கருப்பாகும் என்று காத்திருக்காதீர்கள், பல பறவைகளுக்குக் கருப்பதே இல்லை. செத்ததை அறுத்துப் பார்த்தால் ஈரலில் வட்டவட்டமாக, நடுவில் குழிந்த புள்ளிகள் இருக்கும். குடல் பை தடித்து, உள்ளே பாலாடைக்கட்டி போன்ற பொருள் அடைத்திருக்கும்.

மருந்து? ஐரோப்பிய ஒன்றியம் கடைசி மருந்தான நைஃபர்சாலை 2003இல் தடை செய்தது. அமெரிக்காவில் ஆர்சனிக் சேர்ந்த நைட்டார்சோன் 2015 முடிவோடு போனது. கோழிக்கு ஃபென்பெண்டசோல் கொடுத்தால் புழு சாகும், ஒட்டுண்ணிக்கு அது ஒன்றும் செய்யாது. எனவே தடுப்பதுதான் வழி: மூன்று நாலு வருடமாகக் கோழி மிதிக்காத நிலம், தனிக் கொட்டகை, தனிப் பாத்திரம், தனிச் செருப்பு. ஒரு பறவை மஞ்சளாகக் கழித்தால் அன்றைக்கே பிரியுங்கள். கூட்டத்துக்குள் நோய் புகுந்துவிட்டால் பிறகு புழுவின் தயவே தேவையில்லை, பறவையிலிருந்து பறவைக்கு நேராகவே பரவும்.

கேள்வி: மேய விட்டால் தீவனச் செலவு பாதியாகுமா?

ஆகாது. நல்ல பச்சை நிலத்தில், பழைய இனத்தில், வளர்ந்த பறவைக்கு ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானால் அதுவே நல்ல கணக்கு. எட்டு வாரத்துக்குள் எதுவும் மிச்சமாகாது. அந்த வயதில் தேவை புரதம். புல்லில் அது கிடைக்காது. பழைய இனத்து ஆண் 28 வாரம் தின்றும் 10, 11 கிலோவைத்தான் எட்டும். கிலோவுக்கு ஆகும் தீவனம் கூடுதல் என்பதால்தான் விலையும் கூடுதல். வியாபாரி ஏமாற்றுகிறார் என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது.

எட்டு வாரத்தில், மழையில்லாத நாளில் வெளியே விடத் தொடங்குங்கள். புல் 8 முதல் 15 செ.மீ. உயரத்துக்குள் இருக்கட்டும். முற்றிய நீளப் புல் இரைப்பையில் திரண்டு அடைக்கும். கூடவே கருங்கல் குருணை வையுங்கள். வாரத்துக்கொருமுறை வேலியை நகர்த்துங்கள். 1.2 மீட்டர் மின்வேலி வலை போதும். பழைய இனம் பறக்கும் என்பதால் ஒரு பக்கச் சிறகை மட்டும் வெட்டிவிடுங்கள். உட்காரும் கம்பு 60 செ.மீ. உயரம், 5 முதல் 8 செ.மீ. அகலம். கனத்த வெள்ளை இனத்துக்குக் கம்பு வேண்டாம், குதித்து இறங்கிக் காலை ஒடித்துக்கொள்ளும்; மெல்லிய கம்பில் மார்பில் கொப்புளமும் வரும்.

கேள்வி: அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மேய்ச்சல் வான்கோழி, அடுப்பிலிருந்து எடுத்தால் மார்பு வறட்டி, கால் ரப்பர். ஏன்?

தொழிற்பண்ணைப் பறவைக்கு எழுதிய நேரக்கணக்கில் சுட்டிருப்பீர்கள். மேய்ச்சல் பறவையின் மார்பு மெலிசு, சீக்கிரம் வெந்துவிடும். கால் உழைத்த சதை, அதற்கு நேரம் வேண்டும். காலையும் மார்பையும் பிரித்துவிடுங்கள். காலை மூடி, கொஞ்சம் நீரோடு 160 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் போல, உள்ளே 85 முதல் 90 டிகிரி வரும் வரை வேகவிடுங்கள். அப்போதுதான் இணைப்புத் திசு கரையும். மார்பை உள்ளே 74 டிகிரி வந்த நிமிடமே எடுத்து, 20 நிமிடம் ஆறவிட்டு நறுக்குங்கள்.

அதற்கு முன் கிலோவுக்கு 10 கிராம் உப்பைத் தடவி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், ஃபிரிட்ஜில் திறந்தே வையுங்கள். உப்புக் கரைசல் ஏற்றிய பறவை என்று சீட்டில் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அன்றே அறுத்ததை அன்றே சமைத்தாலும் ரப்பர்தான். அறுத்தபின் சதை விறைத்துத் தளர ஒரு நாள் குளிரில் கிடக்க வேண்டும். உறைந்த பறவையை உருக்க, ஃபிரிட்ஜில் 2 கிலோவுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்கானிக் என்றால் கிருமி இருக்காதுதானே?

இருக்கும். சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் இரண்டும் லேபிள் படிப்பதில்லை. பச்சைப் பறவையைக் குழாயடியில் கழுவாதீர்கள், தெறிக்கும் நீர் சமையலறை முழுக்கக் கிருமியைப் பரப்பும். 74 டிகிரி எல்லாப் பறவைக்கும் பொது.

கேள்வி: பறவைக்காய்ச்சல் வந்தால் மேய்ச்சல் பறவையை என்ன செய்வது?

வான்கோழிக்கு இந்த நோய் மிக எளிதில் தொற்றும். காட்டு வாத்துகள் வலசை வரும் காலத்தில் அரசு உத்தரவு வந்தால் உள்ளே அடைத்தே ஆக வேண்டும். உத்தரவு வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே கூரையும் வலையும் தயாராக வைத்திருங்கள். திறந்த குளத்துத் தண்ணீரைக் காட்டாதீர்கள், தீவனத்தை வெளியே வைத்துச் சிட்டுக்குருவிக்கும் வாத்துக்கும் விருந்து போடாதீர்கள். காரணமில்லாமல் ஒரே நாளில் பல பறவைகள் செத்தால், கையால் தொட்டு அறுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். கொட்டகையைப் பூட்டிவிட்டுக் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.