இரண்டு ஒலிம்பிக்குகள் இல்லாத கணக்கு

மதிப்புக்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

நான் ஒட்டுசுட்டானுக்கு அருகே ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். எங்கள் விளையாட்டு அறையின் சுவரில் உலகின் மிகச் சிறந்த வீராங்கனைகள் பத்துப் பேரின் படங்களை வைக்க விரும்பி, மாணவிகளிடமே பெயர்களைக் கேட்டேன். செரீனா வில்லியம்ஸ் முதலாவதாக வந்தார். நாடியா கொமனேச்சி, சுசந்திகா ஜெயசிங்க ஆகியோரும் வந்தார்கள். நீங்கள் யாரை முதலில் வைப்பீர்கள்? நம்மவர்கள் எவரையாவது அதில் சேர்க்கலாமா? திருமணமானதும் ஓட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று பிள்ளைகளே சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் மாணவிகள் தந்த பெயர்களில் எதையும் நீக்க வேண்டியதில்லை. டென்னிஸ் ஒற்றையர் ஆட்டத்தில் கிராண்ட் ஸ்லாம் எனப்படும் பெருந்தொடர்களில் 23 வென்ற செரீனாவும், 1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் 14 வயதில் ஜிம்னாஸ்டிக்கில் முழுப் பத்துப் புள்ளி பெற்ற கொமனேச்சியும் எந்தச் சுவருக்கும் உரியவர்களே. அவர்களோடு, 18 ஒலிம்பிக் பதக்கங்களை வென்ற சோவியத் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை லரீசா லத்தினினாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலிடத்தை நான் நெதர்லாந்தின் ஃபானி பிளாங்கர்ஸ் கூனுக்கே கொடுப்பேன். அதற்கான காரணம் போர்க்காலத்தில் வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு எளிதில் விளங்கும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1918இல் பிறந்த அவர், 18 வயதில் பேர்லின் ஒலிம்பிக்கில் உயரம் பாய்தலிலும் அஞ்சலோட்டத்திலும் பங்குபற்றிப் பதக்கமின்றித் திரும்பினார். அடுத்த போட்டி 1940இல் நடந்திருந்தால் அவருக்கு வயது 22. அதற்கடுத்தது 1944இல் நடந்திருந்தால் 26. ஓட்டக்காரர் ஒருவரின் கால்கள் முழு வலிமையோடிருக்கும் வயது அது. போர் அந்த இரண்டு போட்டிகளையும் விழுங்கிவிட்டது. அவருடைய நாடோ ஜேர்மானியப் படையின் பிடியில் இருந்தது. அந்த நிலையிலும், முதற்குழந்தை பிறந்த பின்னர், 1943இல் அவர் உயரம் பாய்தலில் 1.71 மீற்றரும் நீளம் பாய்தலில் 6.25 மீற்றரும் பாய்ந்து இரண்டிலும் உலக சாதனை படைத்தார்.

1948இல் லண்டனுக்குப் போனபோது அவருக்கு வயது 30, இரண்டு குழந்தைகளின் தாய். வயது கடந்துவிட்டது என்று பிரித்தானிய அணியின் முகாமையாளரே சொன்னார். பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடப் போவதாகக் கண்டித்துக் கடிதங்களும் வந்தன. அவர் 100 மீற்றர், 200 மீற்றர், 80 மீற்றர் சட்டவேலி, அஞ்சலோட்டம் ஆகிய நான்கிலும் தங்கம் வென்றார். சட்டவேலி ஓட்டத்தில் அவருக்கும் பிரித்தானியப் பெண் மொறீன் கார்ட்னருக்கும் 11.2 செக்கன் என்ற ஒரே நேரம்தான். யார் முதலில் வந்தார் என்பதைப் படம் பார்த்தே முடிவு செய்தார்கள். 200 மீற்றர் அரையிறுதிக்கு முன்னர் களைப்பாலும் வீட்டு நினைவாலும் அழுது, போட்டியை விட்டுவிட நினைத்தவர், இறுதிப் போட்டியில் 0.7 செக்கன் வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தூரத்தில் அது எவ்வளவு பெரிய இடைவெளி என்பதை ஓர் உடற்கல்வி ஆசிரியைக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பெண் ஒருவர் மூன்று தனி நிகழ்ச்சிகளுக்கு மேல் பங்குபற்ற அப்போதைய விதி இடந்தரவில்லை. எனவே தமது சாதனைக்குரிய இரண்டு பாய்தல்களையும் அவர் விட்டுக்கொடுத்தார். லண்டனில் உயரம் பாய்தலை வென்றவரின் அளவு 1.68 மீற்றர், நீளம் பாய்தலில் வெற்றி அளவு 5.69 மீற்றர். 1943ஆம் ஆண்டின் அளவுகளோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். பதக்கங்களை மட்டும் எண்ணினால் அவருக்கு நான்குதான். நடக்காத இரண்டு ஒலிம்பிக்குகளையும் ஓடாத நிகழ்ச்சிகளையும் எண்ணத் தெரிந்தவர்களுக்கே அவருடைய முழு அளவு தெரியும்.

என் சித்தியின் மகள், எனக்குத் தங்கை முறையானவள், நீளம் பாய்தலில் மாகாண மட்டம் வரை போனவள். 2008இல் போர் எங்களை இடம்பெயர வைத்தபோது அவளுக்கு 17 வயது. சான்றிதழ்களை விசுவமடுவில் விட்டுவிட்டே அடுத்த இடத்துக்குப் போனோம். மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அவளுக்குப் பாய்வதற்கு மண்கிடங்கும் இல்லை, ஒத்த வயதுத் தோழியரில் பலரும் இல்லை. அவள் எவ்வளவு பாய்ந்திருப்பாள் என்று கேட்பவர் எவரும் இல்லை. நான் மட்டும் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஃபானியின் கதையை முதன்முதலாக வாசித்தபோது, 1940, 1944 என்ற இரண்டு வெற்று ஆண்டுகளில்தான் என் கண் நின்றது.

சுசந்திகாவை உங்கள் பிள்ளைகள் சொன்னது எனக்கு மகிழ்ச்சி. பெண்களுக்கான 200 மீற்றர் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்தது அதே 1948இல்தான்; டங்கன் வைட் 400 மீற்றர் சட்டவேலியில் வெள்ளி வென்று இலங்கைக்கு முதற்பதக்கம் கொண்டுவந்ததும் அந்த லண்டன் போட்டியில்தான். அடுத்த பதக்கத்துக்கு இந்நாடு 52 ஆண்டுகள் காத்திருந்து, 2000இல் சிட்னியில் அதே 200 மீற்றரில் சுசந்திகாவின் கால்களால் பெற்றது. அப்போது கிடைத்தது வெண்கலம். முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்துக் குற்றத்தால் பதக்கம் இழந்த பின்னரே அது வெள்ளியானது.

நம் தமிழ் வீராங்கனைகளைப் பொறுத்தவரை, அன்பின் காரணமாக எவரையும் செரீனாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். பிள்ளைகள் அளவறிந்து வளரட்டும். ஆனால் அருகிலேயே இன்னொரு வரிசை வையுங்கள். வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கமும், கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த அனித்தா ஜெகதீஸ்வரனும் அதில் இருக்கட்டும். உங்களுக்குத் தொலைவில் இல்லாத முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையாரையும் சேருங்கள். 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் அவர் தங்கம் வென்றபோது வயது 72.

திருமணம் பற்றிய கேள்விக்குச் சொல்லால் பதில் சொல்லத் தேவையில்லை. தை மாதத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி நடத்துவீர்கள் அல்லவா? தாய்மாருக்கென்று தேசிக்காய்க் கரண்டி ஓட்டம் மட்டும் வைக்காமல், கோடு கீறிய தடத்தில் ஒரு 100 மீற்றர் ஓட்டமும் வையுங்கள். நிறுத்தற் கடிகாரத்தால் நேரம் அளந்து, பிள்ளைகளின் நேரம் எழுதும் அதே பதிவேட்டில் அவர்களின் பெயரையும் செக்கனையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து ஓட அவர்கள் வருவார்கள். வந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.