ஆறு மணிக்குக் குளக்கரைக்கு வாருங்கள்

ஐயா, திருநெல்வேலியில் வேலை பார்க்கிறேன். ஒரு வருடமாகப் பறவை பார்க்கிறேன், மூன்று வாட்ஸாப் குழுக்களிலும் இருக்கிறேன், ஆனால் கூட வர ஒரு ஆள் இல்லை. இதே ஆர்வம் உள்ளவர்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று போனில் காட்டும் செயலி உண்டா? எனக்குக் கூச்சம் அதிகம்.

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கூச்சத்தை விடுங்கள், பறவை பார்க்க வருபவர்களில் பலர் அப்படித்தான். ஆனால் ஆள் நிற்கும் இடத்தைக் காட்டும் செயலி வேண்டவே வேண்டாம். விடியற்காலையில் கரையில் தனியாக நிற்கும் ஒரு பெண், முன்பின் தெரியாத யாருடைய போனிலோ புள்ளியாகத் தெரிய வேண்டுமா? எந்தக் குளம், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று மட்டும் போன் சொன்னால் போதும்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது. ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும், அதை விரட்டாமல் காக்கிற ஜனங்கள். அங்கே எடுத்த படத்துக்கு நீங்கள் குழுவில் கட்டைவிரல் போட்டிருப்பீர்கள், எடுத்தவரிடம் 'அடுத்த வாரம் நானும் வரட்டுமா' என்று ஒரு வரி கேட்டீர்களா? பார்த்த பறவைகளை எல்லாரும் பதிந்து வைக்கும் இபேர்ட் (eBird) தளம் 2002 முதல் இருக்கிறது. அதில் அந்தக் குளத்தின் பக்கத்தைத் திறந்தால் யார், எந்தத் தேதியில் வந்து என்னென்ன பார்த்தார்கள் என்று பெயரோடு கிடக்கிறது. அதை உங்கள் சொந்தக் கணக்கு நோட்டாக மட்டும் வைத்திருந்தால் ஆள் எங்கிருந்து வருவார்?

உள்ளான் என்ற நீர்க்கரைப் பறவைகளை எனக்கு வகை பிரித்துக் காட்டியவர் ஒரு பெரியவர், கரையில் தற்செயலாகச் சந்தித்தவர். நான் கருப்பு உள்ளான் என்று சாதித்துக்கொண்டிருந்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை, தன் பைனாகுலரை என் கையில் கொடுத்து, "புருவத்தைப் பாருங்க, கண்ணத் தாண்டிப் பின்னால போகுதா?" என்றார். வெள்ளைக் கோடு நன்றாகவே நீண்டிருந்தது, பொரி உள்ளான். அப்புறம் வெயில் ஏறும்வரை இருவரும் சேறும் தண்ணீருமாக அலைந்தோம், அவர் என்ன வேலை பார்த்தார் என்றுகூட நான் கேட்கவில்லை. குழுவில் படம் போட்டிருந்தால் பெயர் வந்திருக்கும், அந்தக் காலை வந்திருக்காது.

2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் பார்த்து எழுதினாலே ஒரு பட்டியல் ஆகிவிடும். வரும் பொங்கலுக்குக் காத்திருக்காமல், இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கூந்தன்குளம் கரையில் இருப்பேன் என்று உங்கள் மூன்று குழுக்களிலும் இன்றே எழுதுங்கள். யாரும் பதில் போடாவிட்டாலும் போங்கள், தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள்.