ஓடிக்கொண்டு போகேக்கையே வான் நிண்டால்: கேள்வி பதில்

திருகோணமலையில 22 வருஷமா கராஜ் வச்சிருக்கிறன். வாறதில கூடுதலானது குடும்ப வான்கள்தான். "ஓடேக்க நிக்குது, பிறகு தானா ஸ்டார்ட் எடுக்குது, கராஜுக்குக் கொண்டுவந்தா ஒரு பிழையும் தெரியேல்ல" எண்டு கேட்டவைக்கெல்லாம் இதில பதில் சொல்றன்.

உப்புவெளி: பெற்றோல் வான் அண்ணை. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகேக்க எஞ்சின் கட் ஆயிட்டுது. 20 நிமிஷம் விட்டுப் பார்த்தா ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் எடுக்குது. மூண்டு தரம் இப்பிடி. பெற்றோல் பம்ப் மாத்தச் சொல்லுகினம். மாத்தவா?

அவசரப்படாதேங்கோ தம்பி. நிக்கிற நேரம் விக்கி, இழுத்து, சக்தி குறைஞ்சு நிண்டதா? இல்லாட்டி லைற் நூத்த மாதிரி ஒரேயடியா நிண்டதா? விக்கி நிண்டா பெற்றோல் வரத்தில சந்தேகப்படலாம். பம்ப், ஃபில்டர், பம்புக்குக் கரண்ட் விடுற ரிலே. ஒரேயடியா நிண்டு, ஆறினாப்பிறகு எடுக்குதெண்டா நான் முதல்ல பாக்கிறது கிராங்க் சென்சரைத்தான். அது சிக்னல் குடுக்காட்டி கம்பியூட்டருக்கு எஞ்சின் சுத்துறதே தெரியாது. ஸ்பார்க்கையும் பெற்றோலையும் சேர்த்து நிப்பாட்டிப்போடும்.

போன மாசம் இப்பிடி ஒரு வானில இருந்து கழட்டின சென்சரை மேசையில வச்சு மீற்றர் போட்டன். குளிரா இருக்கேக்க ரீடிங் சரி. தலைமயிர் காய வைக்கிற டிரையரால சூடு காட்டினன். மூண்டு நிமிஷத்தில ரீடிங் இல்லாமல் போச்சு. ஆறவிட்டன், திரும்ப வந்தது. உள்ளுக்குள்ள இருக்கிறது மயிர் மாதிரி மெல்லிய கம்பிச்சுருள். சூட்டில விரியேக்க வெடிப்பு விலகுது, ஆறினா ஒட்டுது. வான்காரர் அதுக்கு முதல் ரெண்டு பம்ப் மாத்திப்போட்டார். அந்தக் காசை நினைச்சா எனக்கு இப்பவும் மனம் கேக்குதில்லை.

அடுத்த தரம் நிண்டவுடன ஸ்டார்ட் அடிச்சுக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கோ. கனக்க வான்களில, எஞ்சின் சுத்தியும் முள் அசையாட்டி சென்சர் பக்கம்தான் சந்தேகம். பம்ப் சத்தத்தையும் கேளுங்கோ. சில வான்களில சாவியை ஓன் பண்ணினவுடன ரெண்டு செக்கன் இரையும், சிலதில ஸ்டார்ட் அடிக்கேக்க மட்டும்தான். அதால சத்தம் கேக்கேல்ல எண்ட ஒண்டை வச்சு பம்பைக் குற்றம் சொல்லாதேங்கோ.

நிலாவெளி: சந்தியில பிரேக் பிடிச்சா எஞ்சின் நிக்குது. ஏசி போட்டா இன்னும் மோசம். நல்லா ஓடேக்க ஒரு குறையுமில்லை.

எஞ்சினுக்குக் காத்து விடுற துரொட்டில் பொடியில கரி பிடிச்சிருக்கும் ரீச்சர். கால் எடுத்தவுடன எஞ்சினுக்குக் காத்துப் போற வழி சின்னது, அது அடைபட்டா மூச்சுத் திணறி நிண்டுபோகும். கழட்டிக் கிளீன் பண்ணி, கால் எடுத்து நிக்கேக்க காத்து விடுற ஐடில் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கோ. புதுசு ஒண்டும் வாங்கத் தேவைப்படாது எண்டுதான் நினைக்கிறன்.

கிண்ணியா: பழைய டீசல் டவுன்ஏஸ் வான். ஓடிக்கொண்டிருக்க வலு குறைஞ்சு நிக்கிது. ஃபில்டருக்கு மேல உள்ள ஹாண்ட் பம்பை அடிச்சா எடுக்கிது. ஃபில்டர் மாத்தியும் சரிவரல்ல.

நானா, டீசல் லைனுக்குள்ள காத்துப் போகுது. டாங்கில இருந்து பம்ப் வரைக்கும் டீசல் இழுபட்டுத்தான் வருது. அந்தப் பக்கம் ரப்பர் ஹோஸ் வெடிச்சிருந்தா டீசல் வெளிய ஒழுகாமலே காத்தை உள்ளுக்கு இழுக்கும். அதாலதான் கண்ணுக்குப் பிடிபடுறதில்லை. ஃபில்டருக்கும் இஞ்செக்டர் பம்புக்கும் இடையில கண்ணாடி மாதிரி உள்ளுக்குத் தெரியிற ஹோஸ் ஒரு அடி போட்டு ஓட்டிப் பாருங்கோ. குமிழ் வந்தா டாங்க் பக்கமா ஒவ்வொரு மூட்டாத் தேடிப் போகலாம். நானெண்டா பழைய ஹோஸ், கிளிப் எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திப்போடுவன். விலை பெரிசில்லை.

திருக்கடலூர்: பள்ளத்தில விழுந்தா நிக்குது, டாஷ்போர்ட் லைற்றும் சேந்து போகுது.

லைற்றும் போகுதெண்டா கரண்ட்தான் அறுபடுது. பற்றரி டெர்மினலையும், பற்றரியில இருந்து வானின்ர பொடிக்கும் எஞ்சினுக்கும் போற ஏர்த் வயரையும் பாருங்கோ. எங்கட கடல்காத்துக்கு அந்த வயர் மேலால நல்லா இருக்கும், உறையை வெட்டினா உள்ளுக்குப் பச்சையாப் பூத்துக் கிடக்கும். சாவிக்கொத்தையும் குறையுங்கோ. வீட்டுச் சாவி, கடைச் சாவி எல்லாம் தொங்கினா இக்னிஷன் சுவிட்ச் தேஞ்சு, குலுக்கத்தில தொடுப்பு விட்டுப்போகும்.

மூதூர்: ஸ்கானர் போட்டாங்க, கோட் ஒண்டும் இல்லையாம்.

கோட் எண்டது வானின்ர கம்பியூட்டர் பதிஞ்சு வைக்கிற பிழை இலக்கம். அது இல்லாததால பிழை இல்லை எண்டு ஆகாது. வந்து வந்து போற பிழை எல்லாமே பதிவாகிறதில்லை. சிலர் ஸ்கான் பண்ண முதலே பற்றரியைக் கழட்டுகினம், அதோட இருந்த பதிவும் அழிஞ்சுபோகும். நிக்கிற ஒவ்வொரு தரமும் கொப்பியில எழுதுங்கோ: எவ்வளவு தூரம் ஓடினது, சூடா குளிரா, டாங்கில எவ்வளவு, ஏசி போட்டிருந்ததா. அந்தக் கொப்பியோட வாறவையின்ர வானை நான் பாதி நேரத்தில முடிச்சிருக்கிறன்.

உவர்மலை: பின்னால மூண்டு பிள்ளையள். ஓடேக்க நிண்டா நான் என்ன செய்யிறது?

அக்கா, இதைத்தான் எல்லாரும் முதல்ல கேட்டிருக்கவேணும். எஞ்சின் நிண்டா ஸ்ரேறிங் இறுகும், ஆனா திரும்பும். ரெண்டு கையாலயும் பலமாப் பிடியுங்கோ. பிரேக்குக்கு ரெண்டு மூண்டு மிதிக்குத்தான் உதவி மிச்சம் இருக்கும். அதால விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியா அழுத்திப் பிடியுங்கோ. சாவியை முழுக்கத் திருப்பி எடுக்கவே கூடாது, ஸ்ரேறிங் பூட்டிப்போடும். நாலு பக்க சிக்னலையும் போட்டு, உருளுற வேகத்திலயே இடப்பக்கம் ஒதுங்குங்கோ. பிள்ளையளை இடக்கைப் பக்கக் கதவால இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிப்பாட்டுங்கோ.

ஆனா பொழுதுபட்டால் கந்தளாய், ஹபரணை ரோட்டில யானை நடமாட்டம். அங்க பிள்ளையளை இறக்கி நிப்பாட்டவும் ஏலாது, இருட்டில நிக்கிற வானுக்குள்ள வச்சிருக்கவும் ஏலாது. பிழை பிடிபடுமட்டும் அந்த வானில இரவுப் பயணம் வேண்டாம்.