பள்ளி கேண்டீனில் ஆரோக்கியமான உணவு மட்டும் விற்றால் பிள்ளைகளின் உடல் பருமன் குறையுமா? பெரும்பாலான பள்ளிகளில் அது ஏன் நடப்பதில்லை?

கேண்டீன் ஜன்னலுக்கு உள்பக்கம் நிற்கிறவள் நான். தாம்பரம் பக்கம் ஒரு தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் நானும் என் கணவரும் கேண்டீன் காண்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறோம். அதற்கு முன் வேறொரு பள்ளியிலும் நடத்தினோம். அதனால் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஏன் நடப்பதில்லை என்றால், வாடகை. பிள்ளைகளின் நாக்கு, டிவி விளம்பரம், பெற்றோர் கொடுக்கும் செல்லம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பல தனியார் பள்ளிகளுக்கு கேண்டீன் என்பது வாடகை வரும் இன்னொரு அறை. கோடை லீவில் கொட்டேஷன் கேட்பார்கள். யார் அதிக வாடகை சொல்கிறார்களோ அவருக்குப் போகும். அட்வான்ஸ் தனி. முன்பு நாங்கள் இருந்த பள்ளியில் அட்வான்ஸ், கரண்ட் பில், குப்பை எடுக்கும் செலவு என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்தார்கள். என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வருடத்தில் வேலை நாள் 200 சொச்சம்தான். அதிலும் பரீட்சை வந்துவிட்டால் அரை நாளில் பள்ளி விட்டுவிடும். ஒத்துக்கொண்ட வாடகையை இதற்குள்தான் எடுத்தாக வேண்டும்.

எடுக்கக் கிடைக்கிற நேரம் எவ்வளவு தெரியுமா? காலை இடைவேளை பத்து நிமிடம். மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி, பாத்ரூம் போய், ஜன்னலுக்கு வந்து, வாங்கித் தின்றுவிட்டுத் திரும்ப வகுப்பில் உட்கார வேண்டும். நூற்றுக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் நீளும். அந்த நேரத்தில் எதைச் சட்டென்று எடுத்துக் கொடுத்துக் காசு வாங்க முடியுமோ அதுதான் விற்கும். சிப்ஸ் பாக்கெட்டைக் கொக்கியிலிருந்து இழுத்துக் கொடுத்தால் முடிந்தது. பஃப்ஸ் என்றால் ஒரு துண்டு பேப்பர் போதும். சுண்டலுக்குக் கப் வேண்டும், ஸ்பூன் வேண்டும், அள்ளிப் போட ஓர் ஆள் வேண்டும். தோசைக்கல்லைப் பற்றவைக்கிற பேச்சே இல்லை.

மிஞ்சிய சரக்கு என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். பஃப்ஸ் மிஞ்சினால் பேக்கரிக்காரர் சாயங்காலம் ரிட்டர்ன் எடுத்துக்கொள்வார். பாக்கெட் கெடாது, நாளைக்கும் விற்கலாம். குளிர்பானக் கம்பெனி ஃபிரிட்ஜையே இலவசமாகக் கொண்டுவந்து வைப்பதும் உண்டு. நறுக்கிய கொய்யா பன்னிரண்டு மணிக்கு நிறம் மாறிவிடும். அதை ரிட்டர்ன் எடுக்க யாரும் இல்லை. அவித்த கடலை மதியத்துக்கு மேல் நூல்விட ஆரம்பிக்கும். நல்ல உணவு விற்றால் நஷ்டம் முழுக்க நடத்துகிறவர் தலையில். மற்றதை விற்றால் நஷ்டம் வேறு யாருடையதோ. வாடகை ஏற ஏற, எங்கள் மாதிரி ஆட்கள் எந்தப் பக்கம் சாய்வோம் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, கடுமையாகவே இருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2010இல் போடப்பட்ட ஒரு பொதுநல வழக்கில் தொடங்கி, பத்து வருடம் இழுத்து, 2020 செப்டம்பரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிகள் வெளியாயின. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி கேட்டிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது, இலவசமாகக் கொடுக்கவும் கூடாது, விளம்பரமும் வைக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் கம்பெனி பெயர் போட்ட அந்த இலவச ஃபிரிட்ஜே விதிமீறல்தான். 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ., எதில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் 'சுகர் போர்டு' வைக்கச் சொல்லி தன் பள்ளிகளுக்கெல்லாம் சுற்றறிக்கை அனுப்பியது. 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் கலோரியில் 13 சதவீதமும், 11 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு 15 சதவீதமும் சர்க்கரையிலிருந்தே வருகிறது, இருக்க வேண்டியது 5 சதவீதம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். எங்கள் பள்ளியில் போர்டு அழகாக வந்தது. 300 மில்லி கோலாவில் சுமார் 32 கிராம், அதாவது எட்டு டீஸ்பூன் சர்க்கரை என்பதை நேரில் காட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சின்னச் சின்னக் கவரில் சர்க்கரை கட்டி ஒட்டியிருந்தார்கள். எறும்பு வந்துவிட்டதால் கவரை எடுத்துவிட்டார்கள், போர்டு இருக்கிறது. நல்ல முயற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் போர்டைப் பார்த்துவிட்டுப் பையன் பசியோடு ஜன்னலுக்கு வருவான். அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்.

பசி என்று சும்மா சொல்லவில்லை. காலை இடைவேளையில் முண்டியடிக்கிற கூட்டத்தில் பாதி, நொறுக்குத் தீனிக்கு வருகிற கூட்டம் இல்லை. அது டிபன் சாப்பிடாத கூட்டம். வேன் ஆறே முக்காலுக்கே வந்துவிடும் பிள்ளைகள் ஒரு டம்ளர் பாலோ பூஸ்ட்டோ குடித்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். பத்தரை மணிக்குக் கண் இருட்டும். அந்த நேரத்தில் ஒரு பஃப்ஸ் போதாது. இரண்டு பஃப்ஸும் ஒரு மாம்பழ ஜூஸ் டப்பாவும் உள்ளே போகும். அப்புறம் மதியம் வீட்டிலிருந்து வந்த தயிர்சாதம் டப்பாவோடு திரும்பிப் போகும். அந்தப் பிள்ளையின் அம்மா, "இவன் ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கறான், ஆனா எப்படித்தான் வெயிட் போடறானோ" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண் முன்னால் அவன் ஒன்றும் சாப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

இது புரிந்த பிறகு நாங்கள் செய்த முதல் மாற்றம் பொடி இட்லி. மினி இட்லியை எள்ளுப்பொடியில் புரட்டி, கப்புக்குப் பத்து என்று பெல் அடிப்பதற்கு முன்பே போட்டு வரிசையாக அடுக்கிவிடுவோம். ஜன்னலில் கை நீளும்போது கப்பை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலை. பாக்கெட்டைக் கொடுக்கிற அதே வேகம். அது பிடித்துக்கொண்டது. ஆவியில் வெந்தது, வயிறு நிறைகிறது, காரமும் இருக்கிறது.

சுண்டல்தான் படுத்தியெடுத்தது. வீட்டில் செய்வதுபோல் கடுகு, கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய் தூவி வைத்தால் ஒருவரும் சீண்டவில்லை. "நவராத்திரியா ஆன்ட்டி?" என்று ஒருத்தி கேட்டுவிட்டுப் போனாள். என் கணவர்தான், பீச்சில் வாங்கித் தின்கிற பிள்ளைகள் இங்கே ஏன் வாங்கவில்லை என்று யோசித்தார். பட்டாணியைக் கொஞ்சம் குழைய வேகவிட்டு, மாங்காயைப் பொடியாக நறுக்கி, பச்சைமிளகாயும் எலுமிச்சையும் சேர்த்தோம். கப்பை விட்டுவிட்டுக் கூம்பாகச் சுருட்டிய பேப்பரில் கொடுத்தோம். அச்சடித்த மை ஒட்டக் கூடாது என்பதால் செய்தித்தாள் வேண்டாம், வெள்ளைப் பேப்பர். அதே பட்டாணிதான். "மாங்கா நிறைய போடுங்க ஆன்ட்டி" என்று வரிசை நின்றது. மாங்காய் சீசன் முடிந்தால் விற்பனை கொஞ்சம் இறங்கும், நெல்லிக்காய் போட்டு ஒப்பேற்றுவோம். பிள்ளைகளுக்கு ஆரோக்கியமான உணவு பிடிக்காது என்று மீட்டிங்கில் பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சத்துக்காக என்று சொல்லி நீட்டினால் பிடிக்காது, புளிப்பும் காரமுமாக நீட்டினால் பிடிக்கும்.

சரி, இதெல்லாம் எங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? இப்போதைய பள்ளியில் வாடகையைக் குறைத்தார்கள். தாளாளர் அம்மா பெரிய மனதுக்காரர் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். பெற்றோர் சிலர் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதியைக் காப்பி எடுத்து வந்து கூட்டத்தில் வைத்தார்கள். வாடகையைக் குறைக்கிறோம், பதிலுக்குப் பாக்கெட் சரக்கும் பாட்டில் பானமும் கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். இடைவேளையும் ஐந்து நிமிடம் நீண்டது. அந்த ஐந்து நிமிடம் எத்தனை சுண்டல் பொட்டலம் என்பது எனக்குத்தான் தெரியும்.

இப்போது முதல் கேள்வி. எடை குறையுமா?

கேண்டீனை மாற்றியதால் எங்கள் பள்ளியில் பிள்ளைகள் இளைத்துவிட்டார்கள் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் யாரையும் எடை போட்டுப் பார்க்கவில்லை. பெரிய அளவில் செய்து பார்த்த நாடுகளைத்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2010இல் ஒரு சட்டம் போட்டு, 2012 முதல் பள்ளி மதிய உணவின் தரத்தை மாற்றினார்கள். முழுதானியம், காய், பழம் கூடியது. 2020இல் வந்த ஓர் ஆய்வில், எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் உடல் பருமனில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகளை மட்டும் பார்த்தால், அந்த மாற்றம் வராமல் இருந்திருந்தால் 2018இல் அவர்களிடம் உடல் பருமன் 47 சதவீதம் கூடுதலாக இருந்திருக்கும். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. பள்ளிச் சாப்பாட்டையே நம்பியிருக்கும் பிள்ளைக்கு அந்தச் சாப்பாடு மாறினால் வாழ்க்கையே மாறும். எங்கள் பள்ளிப் பையனுக்கு என் பொடி இட்லி ஒரு நாளில் ஒரு வேளை. மீதி வேளைகள் வீட்டிலும், டியூஷன் வாசலிலும், ஞாயிற்றுக்கிழமை மாலிலும் இருக்கின்றன.

சிலி நாடு 2016இல் இன்னும் ஒரு படி மேலே போனது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அதிகமுள்ள பாக்கெட்டுகளில் கருப்பு எண்கோண முத்திரை. முத்திரை குத்தியது எதையும் பள்ளியில் விற்கக் கூடாது, குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரமும் செய்யக் கூடாது. மூன்றையும் சேர்த்துச் செய்ததால் இனிப்புப் பானங்கள் வாங்குவது கிட்டத்தட்ட 24 சதவீதம் இறங்கியது. பள்ளிக்குள் மட்டும் தடுத்துவிட்டு வெளியே திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் கேட்டுக்கு வெளியே சாயங்காலம் மூன்றரை மணிக்கு வந்தால் பார்க்கலாம். 50 மீட்டர் விதியை அளக்க டேப்போடு யாரும் வந்ததில்லை. இதற்கிடையில் 2025 செப்டம்பரில் பிஸ்கட், சாக்லேட்டுக்கு ஜி.எஸ்.டி.யை 18 சதவீதத்திலிருந்து 5 ஆக இறக்கினார்கள். ஒரு கையில் சுகர் போர்டு, இன்னொரு கையில் மலிவு சாக்லேட்!

நம் ஊரிலேயே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காமராஜர் 1956இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவிலும், 2022இல் வந்த காலை உணவுத் திட்டத்திலும் பிள்ளை வாடிக்கையாளர் இல்லை. விற்கிறவரும் இல்லை, லாபமும் இல்லை, ரிட்டர்னும் இல்லை. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார், மதியத்துக்கு முட்டை என்று எது கொடுக்க வேண்டும் என்பதை அரசாணையே முடிவு செய்துவிடுகிறது. குறைகள் இருக்கலாம். ஆனால் பத்தரை மணிப் பசி என்ற பிரச்சினையை அரசுத் தொடக்கப்பள்ளி தீர்த்துவிட்டது. லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிற பள்ளி இன்னும் தீர்க்கவில்லை.

எடைப் பிரச்சினை கேண்டீனோடு மட்டும் முடிவதில்லை என்றுதான் எண்களும் காட்டுகின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட அதிக எடைக் குழந்தைகள் இந்தியாவில் 2015-16 கணக்கெடுப்பில் 2.1 சதவீதம், 2019-21இல் 3.4 சதவீதம். பள்ளிக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உலக அளவில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் எடை குறைந்தவர்களைவிட உடல் பருமன் உள்ளவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று 2025இல் யுனிசெஃப் சொன்னது.

ஒன்றைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். சில பெற்றோர் ஜன்னலுக்கே வந்து, பையனைக் காட்டி, "இவனுக்கு மட்டும் எதுவும் கொடுக்காதீங்க" என்பார்கள். பின்னால் பத்துப் பேர் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் செய்ய மாட்டேன். ஒல்லியாக இருக்கிற அவன் நண்பனும் அதே சர்க்கரையைத்தான் குடிக்கிறான். ஜன்னலில் இருப்பது எல்லாருக்கும் நல்லதாக இருந்தால் போதும், ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 1992 முதல் குண்டான மாணவர்களை மட்டும் தனியாகப் பிரித்து உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். எண்ணிக்கை குறையத்தான் செய்தது. ஆனால் பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள், 2007இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டு எல்லா மாணவர்களுக்குமான முறைக்குப் போனார்கள்.

பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவதைப் பற்றி நான் எழுதினால் அது தனிப் பதிலாகப் போகும், விடுங்கள்.

நீங்கள் பெற்றோர் என்றால், கேண்டீன்காரரிடம் வந்து சண்டை போடாதீர்கள். அலுவலகத்தில் போய் கேண்டீன் வாடகை எவ்வளவு, ஒப்பந்தத்தில் மெனு எழுதியிருக்கிறதா, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். தனியாகப் போனால் பார்க்கலாம் என்பார்கள், நாலைந்து பேராகப் போங்கள். குடிதண்ணீர்க் குழாய் கேண்டீன் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது தூரத்தில் இருந்தால் பிள்ளை தாகத்துக்கு ஜூஸ்தான் வாங்கும். அடுத்த வருட காண்ட்ராக்ட் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்தில் முடிவாகிவிடும். ஜூனில் போய்க் கேட்டால், கையெழுத்தாகிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றுதான் சொல்வார்கள்.